எலி தேடிய வீடு

வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று முதலில் சொன்னவர் அத்தை. காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வாய்க்கால் தண்ணீர் இந்த முறை கடைசித் தோப்பு வரை வரவில்லை என்று மாமா பேசிக்கொண்டிருந்தார். அத்தை பாதியில் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"எங்கியோ எலி செத்துக் கெடக்குதுங்க. நாத்தம் கொடலைப் புடுங்குது."

மாமா பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். என் கணவர் சுதீப் தட்டைப் பார்த்தபடியே, தனக்கும் வருகிறது என்றார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அது எலி இல்லை என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் நான் மைக்ரோபயாலஜி படித்தேன். காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு ஒரு வாடை உண்டு. ஆய்வகத்தில் குப்பியின் மூடியைத் திறந்ததும் அது முகத்தில் அடிக்கும். அதே வாடை மாமா பேசும்போது வந்தது. அவர் வாயை மூடினால் குறைந்தது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. அத்தைக்கும் தெரியும், சுதீப்புக்கும் தெரியும். தெரியாதவர் மாமா ஒருவர்தான்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோப்பும் வீடும். மாமாவின் பெயர் ஆறுமுகசாமி. என் கல்யாணத்துக்கு முந்தின வருடம் அவருடைய பற்கள் எல்லாம் ஆடிப்போய்விட்டன. கோயமுத்தூரில் அவற்றை எடுத்துவிட்டு, தாடை எலும்பில் திருகாணிகளைப் பதித்து, அவற்றின் மேல் முழுப் பல்வரிசையைப் பொருத்தினார்கள். மேலேயும் கீழேயும். ராத்திரி கழற்றி டம்ளரில் போடுகிற பல்செட் இல்லை. எலும்போடு நிற்பது. எங்கள் கல்யாணத்தன்று மாமா கரும்பைக் கடித்து உரித்ததை என் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆயுசுக்கும் அசையாது என்று மாமா எல்லோரிடமும் சொல்லுவார். சிரிக்கும்போது கடைவாய் வரை தெரியும்படி சிரிப்பார்.

பொருத்தியபோதே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். வந்தால் மருத்துவர் திருகுகளைக் கழற்றி, பல்வரிசையை வெளியே எடுத்து, அடியில் சேர்ந்ததைச் சுத்தம் செய்து, மறுபடி முடுக்குவார். முதல் தடவை மாமா போனார். பல் இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோது, அறை தெரியாமல் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். பொள்ளாச்சியில் இவரிடம் தேங்காய் எடுக்கிற வியாபாரி. முதலில் அடையாளம் தெரியாமல் பார்த்தார். பிறகு தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அன்றோடு மாமா அந்தப் பக்கம் போகவில்லை. கேட்டால், நல்லாத்தான இருக்குது, அதை எதுக்குக் கழட்டோணும் என்பாராம். இதை எனக்குச் சொன்னது அத்தை. அத்தையே அவரைப் பல் இல்லாமல் பார்த்ததில்லை.

பல் துலக்குவதில் மாமாவிடம் குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று வெகுநேரம் தேய்ப்பார். பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

எலி விஷயத்தை மாமா நம்பிவிட்டார். அன்றைக்கே ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, கூரைக்கடியில் சாமான் போட்டுவைக்கும் அட்டாலியில் ஏறினார். பழைய அண்டாக்கள், சாக்குகள், சுதீப்பின் பள்ளிக்கூடப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்கினார். எலி இல்லை. மறுநாள் அரிசி வைத்திருந்த அறையைக் காலி செய்தார். அதற்கடுத்த நாள் சமையலறை அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினார். நான் அவர் பின்னால் பினாயில் தெளித்துக்கொண்டு போனேன். அவர் திரும்பி, இங்க வருதா அம்மிணி, என்று கேட்பார். அப்போது வரும். வருதுங்க மாமா என்பேன். உடனே அந்த மூலையைத் தோண்டத் தொடங்கிவிடுவார்.

சாக்கடை மூடியைத் திறக்க உதவிக்கு எதிர்வீட்டுக் குப்பண்ணனைக் கூப்பிட்டார். குப்பண்ணன் மாமாவுக்குப் பங்காளி முறை, ஒரே வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று, சாக்கடையை ஒரு பார்வை பார்த்தார், மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனப்பா ஆறுமுகம், இந்த எலி நீ போற பக்கமெல்லாம் உன்ற பின்னாலயே வருதாட்ட இருக்குதே."

மாமா சிரித்தார். நன்றாகவே சிரித்தார். அத்தை சமையலறைக்குள் போய்விட்டார். நான் பினாயில் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

எங்கள் பாப்பாவுக்கு ஆறாம் மாதம் முடியப் போகிறது, சோறூட்டுக்கு நாள் பார்க்க வேண்டும் என்று என் அப்பாவும் அம்மாவும் எலப்புள்ளியிலிருந்து வந்தார்கள். இந்த வீட்டில் பிள்ளைக்கு முதல் வாய்ச் சோற்றைத் தருவது அப்பாரு, அதாவது தகப்பனைப் பெற்றவர். பிள்ளையை மடியில் வைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்த சோற்றை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைப்பார். மாமா அதற்கென்று வெள்ளிக் கிண்ணம் வாங்கிவைத்திருந்தார். அதை இரண்டு தடவை எடுத்துவந்து என் அப்பாவிடம் காட்டினார்.

எல்லோரும் கூடத்தில் இருந்தோம். பாப்பா என் மடியில். மாமா கிண்ணத்தோடு வந்து குனிந்து, பாப்பாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "என்ற சாமி, அப்பாரு ஊட்டுனா உண்பியா?" என்றார்.

என் கை பாப்பாவின் மூக்கையும் வாயையும் மூடியது. மறு கை அவளைத் திருப்பி என் தோளில் சாய்த்தது. நான் யோசிக்கவில்லை. கொதிக்கிற எண்ணெய் தெறித்தால் எப்படித் திருப்புவோமோ அப்படித் திருப்பினேன்.

மாமா குனிந்தபடியே இருந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். மெதுவாக நிமிர்ந்தார். அட்டாலியில் சாத்திய ஏணி இன்னும் எடுக்கப்படாமல் நின்றது. அதை ஏற இறங்கப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார். சுதீப் செல்போனை எடுத்தார்.

"எலி எங்க இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சுங்க சம்பந்தி" என்று மாமா என் அப்பாவிடம் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயின்மேல் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"எந்த எலிங்க?" என்று அப்பா கேட்டார். மறுபடியும் கேட்டார். அம்மா அவர் முழங்கையைத் தொட்டாள்.

அன்று சாயங்காலமே மாமா கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு தோப்பிலிருக்கும் மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வரும்படி அத்தையிடம் சொன்னார். யாராவது கிட்டே போனால் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நாள் குறித்தாகிவிட்டது, மாற்ற வேண்டாம், சோற்றைக் குப்பண்ணன் ஊட்டட்டும் என்று துண்டுக்குள்ளிருந்தே சொல்லியனுப்பினார். குப்பண்ணன் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு நாள் அவரும் எங்கள் பக்கம் வரவில்லை.

அத்தை என்னோடு சண்டை போட்டார். எங்கள் வீட்டில் சண்டை என்பது பாத்திரம் கழுவும் இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுவது.

"கண்ணுல சாடை காட்டியிருந்தா நான் புள்ளைய வாங்கியிருப்பேன்ல. சம்பந்தி முன்னால கைய வெச்சு மூடுவியா?"

நீங்கள் அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். அத்தையை எதிர்த்து நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அத்தை கையிலிருந்த தேய்ப்பு நாரைக் கீழே வைத்தார்.

"எப்படிச் சொல்றது அம்மிணி? கட்டுனவருகிட்டப் போயி, உங்க வாய் நாறுதுங்கன்னு சொல்லுவியா நீயி? எலின்னு சொன்னா அவராப் புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன். அந்த மனுசன் ஏணிய எடுத்துட்டு ஏறுவாருன்னு நான் கண்டனா?"

பிறகு அவர் முந்தானையால் மூக்கைச் சிந்தினார். சண்டை முடிந்துவிட்டது.

சுதீப் தினமும் கஞ்சிக்கோட்டில் வேலை முடிந்து வந்ததும் மோட்டார் ரூமுக்குப் போனார். அப்பாவிடம் பேசப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பி வந்து, மோட்டாரில் கருகிய கம்பிச்சுருளை மாற்றியதாகவோ, தோப்பில் கள் இறக்குகிறவர்கள் வேறு மரம் கேட்பதாகவோ சொல்லுவார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

சோறூட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. மாமா வராமல் அது நடந்துவிட்டால் பிறகு அவர் என்றைக்குமே பாப்பாவின் பக்கத்தில் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கூடத்தில் கையை வைத்தவள் நான். வேறு யாரும் போய்ச் சரிசெய்ய முடியாது.

மோர் எடுத்துக்கொண்டு போனேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமாவிடம் கதவோரம் நின்றுதான் பேசியிருக்கிறேன். அன்று உள்ளே போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தேடினார்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். இது உங்கள் தப்பு இல்லை, வயிற்றுக்கோளாறும் இல்லை, பல்வரிசைக்கு அடியில் சோறு தங்கி அழுகுகிறது, எவ்வளவு துலக்கினாலும் அங்கே பிரஷ் போகாது, கழற்றித்தான் கழுவ வேண்டும். சொல்லி முடித்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அது கூடுதல் வெட்கமாக இருந்தது.

மாமா எழுந்து மோட்டாரை நிறுத்தினார். துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"இப்ப வருதா?"

எங்களுக்கு நடுவில் கட்டில் இருந்தது.

"வருதுங்க."

"எத்தனை நாளா?"

"பாப்பா பொறக்கறதுக்கு முந்தியே இருந்துதுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போய்வந்த கல்யாணங்கள், பேசிய பஞ்சாயத்துகள், பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் முகங்கள் எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. நான் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் போனால் தெரிந்த முகமாகத்தான் இருக்கும் என்றார். பாலக்காட்டில் ஓர் இடம் விசாரித்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"சுதீப்பு வேண்டாம். உங்க அத்தையும் வேண்டாம். நீ மட்டும் வா. நீ நேராவே சொல்லியாச்சு. உங்கிட்ட மறைக்கறதுக்கு இனி என்ன இருக்குது."

பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம். உட்கார இடம் இருந்தது. மாமா உட்காரவில்லை. எலப்புள்ளி தாண்டும் வரை படிக்கட்டுப் பக்கம் காற்றில் நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் உள்ளே போகச் சொன்னபோது துண்டுக்கு மேலே கையைக் காட்டி, வாந்தி வருவதுபோல் ஜாடை செய்தார்.

அந்தக் கிளினிக்கில் ஜிஜோ என்று ஒரு டாக்டர். எடுத்த எக்ஸ்ரேயைத் திரையில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்தது என்று மலையாளத்தில் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். மூன்று வருடம் ஆகப்போகிறது என்று நான்தான் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு திருகின் தலைக்கு மேலும் பல்லின் நிறத்திலேயே சின்ன அடைப்பு இருந்தது. அதைக் குடைந்து எடுத்தார். அதன் கீழே சுருட்டிவைத்த வெள்ளை நாடாவை இழுத்து எடுத்தார். பிறகு திருகைக் கழற்றினார். கீழ் வரிசை முழுவதும் ஒரே துண்டாக, குதிரை லாடம்போல வெளியே வந்தது. அதைத் தட்டில் வைத்தபோது அறை முழுவதும் அந்த வாடை நிறைந்தது. ஜன்னல் இல்லாத ஏசி அறை. மேல் வரிசையும் வந்தது. டாக்டர் பல்வரிசைகளைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மீதி வேலை டின்சியுடையது.

டின்சி பற்களைச் சுத்தம் செய்வதற்கென்று படித்தவள். சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டதிலிருந்து அவளும் தமிழுக்கு வந்துவிட்டாள்.

மாமாவின் கன்னங்கள் உள்ளே போயிருந்தன. உதடுகள் மடிந்து முகத்தின் கீழ்ப்பாதி சின்னதாகிவிட்டது. தெருவில் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது. துண்டை இழுத்து மூக்கு வரை போர்த்திக்கொண்டார். என்னை வெளியே போகும்படி கையை அசைத்தார். நான் கதவை நோக்கி நடந்தேன்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் டின்சி. "தெனமும் வீட்டுல அடியில கழுவுறது எப்படின்னு ஒருத்தர் பார்த்துக்கிடணும்ல. இங்க வந்து நில்லுங்க." பிறகு மாமாவிடம் குனிந்தாள். "துண்ட எடுங்கய்யா. வாயப் பொத்திக்கிட்டா நான் எங்க போய் வேலை பார்க்க?"

துண்டை அவளே மெதுவாக எடுத்து மடித்து அவர் மடியில் வைத்தாள். மாமா கண்களை மூடிக்கொண்டார்.

நான் பார்த்தேன். ஈறுகளிலிருந்து உலோகத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருந்தது. டின்சி ஒன்றை லேசாக அழுத்தியபோது சீழ் வந்தது. தட்டில் கிடந்த பல்வரிசையின் மேல்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதைத் திருப்பினாள். அடிப்பக்கம் சாம்பலும் மஞ்சளுமாக ஓடு கட்டியிருந்தது. நடுவில் தேங்காய் நார்போல ஏதோ. ஒரு சீரகம் முழுசாக இருந்தது. என் வீட்டுச் சீரகம். நான் தாளித்தது.

எனக்குக் குமட்டவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது. ஆய்வகத்தில் நிற்பதுபோல நின்று, இன்ன இடத்தில் காற்று போகாது, இன்ன இடத்தில் வளரும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இதே கண்ணால் ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்திருக்கலாம். அப்போது பினாயில் தெளித்துக்கொண்டிருந்தேன்.

டின்சி பல்வரிசைகளைத் தண்ணீர் அதிரும் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, தண்டுகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். கீறல் விழாதபடி மெல்லிய கருவியால் சுரண்டினாள். பிறகு ஒரு குழாயால் பொடியும் தண்ணீரும் சேர்த்துப் பீய்ச்சினாள். வேலை செய்துகொண்டே பேசினாள்.

"டிராக்டர் வச்சிருக்கீங்களாய்யா?"

மாமா தலையை ஆட்டினார்.

"அதுக்கு ஆயில் மாத்துவீங்கல்ல?"

மறுபடியும் ஆட்டினார்.

"அப்ப இது மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?"

மாமா ஒரு விரலை உயர்த்தினார். போதும் என்று அர்த்தம். ஆனால் கண்களைத் திறந்திருந்தார்.

பல்வரிசைகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன், மாமா அவற்றைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டினார். இன்னும் முழுதாகச் சுத்தமாகவில்லை, அப்புறம் காட்டுகிறேன் என்றாள் டின்சி. மாமா கையை மடக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, மேல் வரிசையை ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள். அடியில் பாதி ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நின்ற இடத்திலேயே நாற்றம் அடித்தது. மாமா அதை மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சினார். திருப்பிப் பிடித்து மறுபடியும் உறிஞ்சினார். எலி தேடிய நாட்களில் மூலைக்கு மூலை உறிஞ்சியதுபோலவே.

"எனக்குத் தெரியலியே அம்மிணி" என்றார். பல் இல்லாத வாயில் சொல் பாதி காற்றாக வந்தது. "இப்பவும் எனக்கு ஒண்ணுந் தெரியலியே."

"அவுகவுக வாய் அவுகவுக மூக்குக்குத் தெரியாதுய்யா" என்று டின்சி காகிதத்தோடு அதை வாங்கிக்கொண்டாள். "எங்க தோட்டத்துல காய் எடுக்கிற பொம்பளைக மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புடுவாக. ஏட்டி, வாயக் கழுவிட்டு என் நெரைக்கு வான்னு. அழுதுக்கிட்டே போய்க் கழுவிட்டு வருவாளுக. பக்கத்துல இருக்கவுக சொன்னாத்தான் உண்டு."

மாமா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன்.

பல்வரிசைகளைப் பொருத்தி, புதுத் திருகுகளை அளவு பார்த்து முடுக்கி, அடைத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. ஒரு தண்டுக்கு அடியில் எலும்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டும், புண் ஆறும் வரை வாடை குறையுமே தவிர முழுதாகப் போகாது என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் அடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அதற்கு ஒரு சின்ன மோட்டார் கருவியும், பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுருக்கியதுபோல ஒரு பிரஷ்ஷும் தந்தார்கள். டின்சி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, நான் மாமாவின் வாய்க்குள் அதை விட்டுப் பழகினேன். மாமா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் மாமா எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். தோப்பு வைத்திருப்பவர் கடையில் இளநீர் வாங்கி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசினார்.

"இனி வந்தாலும் எனக்குத் தெரியாது. உங்க அத்தை சொல்லமாட்டா. அவளுக்கு எலிதான் வரும். சுதீப்பைப் பத்தி உனக்கே தெரியும். நீ சொல்லோணும். ஒளிக்காமச் சொல்லோணும்."

சரிங்க மாமா என்றேன். சொன்ன உடனே பயமாக இருந்தது.

அதன் பிறகும் அவர் மோட்டார் ரூமில்தான் படுத்தார். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வந்து, முடிந்ததும் பின்பக்கம் போய் அந்தக் கருவியை ஓட்டினார். அதன் இரைச்சல் கேட்டதும் அத்தை கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு முன்பக்கம் போய்விடுவார். இப்போது எப்படி இருக்கிறது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார். மாமாவிடமே கேளுங்கள் என்றால், போ அம்மிணி என்பார். இரண்டாவது தடவையும் பாலக்காடு போய்வந்தோம். பாப்பாவை மாமா தூரத்திலிருந்து பார்த்தார். நான் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

சோறூட்டு அன்று கூடம் நிறைய ஒறம்பரைச் சனம். என் அப்பா, அம்மா, மாமாவின் தங்கைகள், அக்கம்பக்கத்தவர்கள். குப்பண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சொன்னபடி பாயில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சுரத்தே இல்லை. மாமா குளித்துவிட்டு வந்து வாசற்படி ஓரத்தில் நின்றார். துண்டு தோளில்தான் இருந்தது.

குப்பண்ணன் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வந்து உக்காரப்பா. எனக்குக் கால் மரத்துப் போச்சு. நானென்ன உன்ற பேத்திக்கு ஊட்டறதுக்குன்னா பொறந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா உட்காரவில்லை.

"அம்மிணி, இங்க வா" என்றார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பாப்பாவை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து, மூச்சை நீளமாக விட்டார். அப்படியே நின்றார்.

என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை நெய்க் கரண்டியைப் பிடித்தபடி இருந்தார். அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதானே.

இல்லீங்க மாமா என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இருந்தது.

"கொஞ்சம் இருக்குதுங்க மாமா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கூடம் முழுவதும் கேட்டிருக்கிறது. மாமாவின் தங்கை ஒருத்தி, என்னடி பேச்சு இது என்று தொடங்கினாள். குப்பண்ணன் அவளைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். மாமாவின் காதுகள் கறுத்துப்போயின. அவர் திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி செய்துகொண்டு பின்பக்கம் போனார்.

கருவியின் இரைச்சல் கேட்டது. அது நிற்க வெகுநேரம் ஆனது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. சுதீப் என்னைப் பார்க்கவில்லை. பாப்பா என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என் முதுகு முழுவதும் வேர்த்திருந்தது. அவர் அப்படியே தோப்புக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மாமா வந்தார். மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து மறுபடியும் குனிந்து மூச்சை விட்டார்.

நான் உள்ளே இழுத்தேன். வாய் கொப்பளிக்கும் மருந்தின் காரம்தான் வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு பாப்பாவை அவர் கையில் வைத்தேன்.

அவர் பாயில் உட்கார்ந்தார். அத்தை வெள்ளிக் கிண்ணத்தில் நெய்யை விட்டு அவர் பக்கம் நகர்த்தினார். மாமா ஒரு பருக்கையளவு சோற்றை விரல் நுனியில் எடுத்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஓரக்கண்ணால் பாப்பாவின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஊட்டினார்.